கிராம்ஃபோர்டு: ஒரு பருத்தி மில் கிராமம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டார்பியில் குடியிருப்பவர்கள் வீட்டுக்கு ஊரிலிருந்து யார் வந்தாலும், ஒரு நாள் கிராம்ஃபோர்டு என்று ஆகிவிடும். ரயிலில் அரை மணிக்குள் போய்விடலாம். ஆறு, பாறை, கால்வாய், பழைய மில் எல்லாம் நடக்கிற தூரத்தில் இருக்கும். நூற்பாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாமாக்கள் ஒரு மாதிரி கேட்பார்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வேறு மாதிரி கேட்பார்கள். ஆனால் சுற்றிச் சுற்றி அதே சந்தேகங்கள்தான். பதில்களை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன்.

கிராம்ஃபோர்டு எங்கே இருக்கு? பெரிய ஊரா?

இங்கிலாந்தின் நடுப்பகுதியில், டார்பிஷயரில், டெர்வென்ட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கிறது. டார்பியிலிருந்து மேட்லாக் போகும் ரயில் பாதையில் வருகிற சின்ன நிறுத்தம். மக்கள்தொகை சுமார் 1,400. ஒரு சந்தைச் சதுக்கம், ஒரு பெரிய குளம், சரிவில் ஏறிப்போகும் கல்வீடுகள், குளத்தங்கரையில் 1974 முதல் இருக்கும் ஸ்கார்தின் புத்தகக்கடை. ஊர் அவ்வளவுதான். புத்தகக்கடைக்குள் நுழைந்தவர்களை வெளியே கொண்டுவருவதுதான் என் அனுபவத்தில் கஷ்டம்.

நெடுஞ்சாலை ஊரை இரண்டாகப் பிரிக்கிறது. ஒரு பக்கம் குடியிருப்பு, மறுபக்கம் மில்லும் கால்வாயும் ஆறும். 1771க்கு முன்னால் இங்கே ஊர் என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக எதுவும் இல்லை. பழைய பாலம் ஒன்று, சிதறிக் கிடந்த சில வீடுகள், சுற்றிலும் ஈயச் சுரங்கங்கள். மில் வந்த பிறகுதான் ஊர் உருவானது.

உலகத்திலேயே முதல் ஃபேக்டரி இதுதானாமே?

அப்படிச் சொல்லும் பலகைகளையும் வழிகாட்டிகளையும் நானும் பார்த்திருக்கிறேன். கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டும். டார்பி நகரத்திலேயே லோம்ப் சகோதரர்களின் பட்டு மில் 1721 வாக்கிலேயே தண்ணீர்ச் சக்கரத்தில் ஓடியது. பருத்தியிலும் லூயிஸ் பால், ஜான் வயாட் என்ற இருவர் உருவாக்கிய நூற்பு இயந்திரங்களை 1740களில் நார்தாம்ப்டனில் தண்ணீர் விசையில் ஓட்டிப் பார்த்தார்கள். தொழிலாக நிலைக்கவில்லை.

ஆகவே சரியாகச் சொல்வதென்றால், தண்ணீர் விசையில் பருத்தி நூற்று, அதைத் தொடர்ந்து லாபகரமாக நடத்திக் காட்டிய முதல் ஆலை கிராம்ஃபோர்டு. மற்றவர்கள் அச்சு அசலாகப் பார்த்துக் கட்டியதும் இதைத்தான். ஜெர்மனியில் டுசல்டார்ஃப் பக்கத்தில் ராட்டிங்கனில் 1780களில் ப்ருகல்மன் என்பவர் ஒரு மில் கட்டி, அதற்குப் பேரே கிராம்ஃபோர்டு என்று வைத்துவிட்டார்! டெர்வென்ட் கரையில் வேலை கற்ற சாமுவேல் ஸ்லேட்டர் 1789இல் அமெரிக்காவுக்குப் போய், ரோட் ஐலண்டில் பாடக்கெட் என்ற இடத்தில் அங்கே முதல் நூற்பாலையை நிறுவினார். இயந்திர விவரங்களை எல்லாம் மண்டைக்குள்தான் கொண்டு போனார். இங்கிலாந்து அப்போது அந்தத் தொழில்நுட்பத்தை வெளியே விடுவதைச் சட்டம் போட்டுத் தடுத்திருந்தது. இந்தச் செல்வாக்குக்காகத்தான் 2001இல் யுனெஸ்கோ, மேட்லாக் பாத் முதல் டார்பி வரை சுமார் 24 கிலோமீட்டர் நீளத்துக்கு இந்த ஆற்றோர மில்களை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது.

யாரு இந்த ஆர்க்ரைட்? இன்ஜினியரா?

முடி திருத்துபவர். ரிச்சர்டு ஆர்க்ரைட் 1732இல் லங்காஷயரில் பிரஸ்டன் ஊரில் ஏழைக் குடும்பத்தில், 13 பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்தவர். பள்ளிப் படிப்பு கிடையாது. போல்ட்டனில் கடை வைத்து, ஊர் ஊராகப் போய் முடி வாங்கி விக் செய்து விற்றார். விக் மோகம் குறைந்துகொண்டிருந்த நேரத்தில் நூற்பு இயந்திரத்தின் பக்கம் திரும்பினார். கடிகாரம் செய்யும் ஜான் கே என்பவரைக் கூட வைத்துக்கொண்டு ஒரு இயந்திரம் செய்து, 1769இல் காப்புரிமை வாங்கினார்.

அங்கிருந்து நாட்டிங்ஹாம். அது காலுறை பின்னும் ஊர். நல்ல பருத்தி நூலுக்கு அங்கே ஏங்கிக்கொண்டிருந்தார்கள். அங்கே குதிரைகளைக் கட்டி இயந்திரத்தை ஓட்டினார். குதிரைக்கு ஆகும் செலவு கட்டுப்படியாகவில்லை. காலுறை வியாபாரத்தில் காசு பார்த்த சாமுவேல் நீட், ஜெடிடையா ஸ்ட்ரட் ஆகிய இருவரும் பணம் போட முன்வந்தார்கள். 1771 ஆகஸ்டில் மூவரும் கிராம்ஃபோர்டில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தார்கள்.

டவுனை எல்லாம் விட்டுட்டு இந்த மலைச்சந்துல வந்து ஏன் மில் கட்டினாரு?

முதல் காரணம் தண்ணீர். அதை அடுத்த கேள்வியில் விரிவாகச் சொல்கிறேன். இரண்டாவது காரணம் ஆட்கள். ஆண்கள் ஈயச் சுரங்கத்துக்குப் போக, பெண்களும் பிள்ளைகளும் வீட்டில் இருந்த பகுதி இது. இந்த இயந்திரத்துக்கு வேண்டியது பலமான ஆண்கள் அல்ல, பெண்களும் பிள்ளைகளுமே போதும். 1771 டிசம்பரில் டார்பிப் பத்திரிகையில் அவர் கொடுத்த விளம்பரத்தில் இது அப்படியே தெரிகிறது. பல்சக்கர வேலை தெரிந்த கடிகாரத் தொழிலாளிகள் இரண்டு பேர் தேவை, நெசவாளிகளுக்கு வேலை உண்டு, பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வேலை உண்டு என்று போகிறது அது. கடிகாரக்காரர்களைத் தேடியது ஏன் என்று கேட்பார்கள். அந்தக் காலத்தில் நுட்பமான பல்சக்கரம் வெட்டத் தெரிந்தவர்கள் அவர்கள்தான்.

மூன்றாவது, ஒதுக்குப்புறம் என்பதே ஒரு வசதி. லங்காஷயரில் இயந்திரங்களை உடைக்கிற கூட்டம் இருந்தது. போட்டியாளர்கள் எட்டிப் பார்ப்பதும் உண்டு. மலைச்சந்துக்குள் அந்தத் தொல்லை குறைவு.

ஆறு பக்கத்திலேயே இவ்வளவு பெரிசா ஓடுது. மில் ஏன் ஆத்தைத் தொடாம உள்ளே தள்ளி இருக்கு?

கேட்பவர்களில் பாதிப் பேருக்கு மேல் இதைத்தான் கேட்கிறார்கள். நல்ல கேள்வியும்கூட. கிராம்ஃபோர்டு மில் டெர்வென்ட் ஆற்றுத் தண்ணீரில் ஓடவே இல்லை.

அதை ஓட்டியவை இரண்டு சின்ன நீரோட்டங்கள். ஒன்று மலையிலிருந்து இறங்கும் பான்சல் ஓடை. இன்னொன்று ஈயச் சுரங்கத்திலிருந்து வரும் வடிகால். சுரங்கத்தில் ஊறும் தண்ணீர் வேலைக்கு இடைஞ்சல் என்று, மலைக்கு அடியில் நெடுந்தூரம் குகைபோலக் குடைந்து, அந்தத் தண்ணீரை வெளியே விட்டிருந்தார்கள். டார்பிஷயரில் அதற்கு ‘சஃப்’ என்று பேர். சுரங்கக்காரர்களுக்கு அது கழிவுநீர், அவ்வளவுதான். ஆனால் பூமிக்கு உள்ளிருந்து வருவதால் இளம் சூடாக இருக்கும், கடுங்குளிரிலும் உறையாது. மழை பெய்தால் பொங்குவதோ, வெயிலில் வற்றுவதோ இல்லாமல் ஆண்டு முழுக்க ஒரே மாதிரி வரும். குளிர்காலத்தில் சக்கரம் நின்றால் கூலியும் வட்டியும் நஷ்டம் என்று இருந்தவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆற்றைக் கட்டுப்படுத்துவது அன்றைக்குப் பெரிய வேலை. பெரிய அணை, பெரிய சக்கரம், பெரிய முதலீடு. வெள்ளம் வந்தால் அணையும் போச்சு. புதிதாகத் தொழில் தொடங்குபவர் ஓடையில் தொடங்கியதுதான் புத்திசாலித்தனம். பின்னால் கையில் காசு சேர்ந்ததும் அவரே ஆற்றில் இறங்கினார். மேசன் மில் பற்றிய கேள்வியில் அது வருகிறது.

அந்த மெஷின் அப்படி என்ன செஞ்சுது? ராட்டையிலயே நூல் நூற்கலாமே?

ராட்டையில் நூற்பவர் விரலால் பஞ்சை இழுத்து மெலியவைப்பார், கதிர் முறுக்கேற்றும். ஆர்க்ரைட் இயந்திரம் அந்த விரல்களின் வேலையை உருளைகளிடம் கொடுத்தது. ஜோடி ஜோடியாக உருளைகள். பின்னால் இருக்கும் ஜோடி மெதுவாகச் சுற்றும், முன்னால் இருக்கும் ஜோடி வேகமாகச் சுற்றும். இடையில் போகும் பஞ்சுத் திரி இழுபட்டு மெல்லியதாகும். கீழே கதிர் அதை முறுக்கிச் சுற்றிக்கொள்ளும். நம் ஊர் ஸ்பின்னிங் மில்லில் ரிங் ஃபிரேம் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. மேலே ஓடும் டிராஃப்டிங் உருளைகளின் தத்துவம் இன்றைக்கும் இதுதான்.

வேகம் மட்டும் அல்ல விஷயம். அதுவரை இங்கிலாந்தில் கையால் நூற்ற பருத்தி நூலுக்குப் பலம் போதாது. பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டும் நூல், அதில் போட்டால் இழுபட்டு அறுந்துவிடும். அதனால் பாவுக்கு லினன் நூலும் ஊடைக்கு, அதாவது குறுக்கே ஓடும் நூலுக்கு, மட்டும் பருத்தி நூலும் போட்டு நெய்தார்கள். அதே காலத்தில் ஹார்கிரீவ்ஸ் செய்த ஜென்னி இயந்திரமும் ஊடைக்கு ஏற்ற மெத்து நூலைத்தான் கொடுத்தது. ஆர்க்ரைட்டின் இயந்திரம் முறுக்கேறிய, கெட்டியான நூலைக் கொடுத்தது. முழுப் பருத்தித் துணி நெய்ய இங்கிலாந்துக்கு அப்போதுதான் வழி பிறந்தது.

இது மில்லா, கோட்டையா? ரோட்டுப் பக்கம் கீழே ஒரு ஜன்னல்கூட இல்லையே?

கோட்டை மாதிரிதான் கட்டினார். சாலையைப் பார்த்த சுவரில் கீழ்த்தளங்களில் ஜன்னல் வைக்கவில்லை. பெரிய கதவு, உள்ளே முற்றம், வளைந்த உயரமான சுவர். 1779இல் லங்காஷயரில் சோர்லி பக்கம் பர்க்கேக்கர் என்ற இடத்தில் அவர் சம்பந்தப்பட்ட மில்லைக் கூட்டம் கூடி அடித்து நொறுக்கியது. அடுத்து கிராம்ஃபோர்டுக்கு வருவார்கள் என்று பேச்சு கிளம்பியதும் இங்கே துப்பாக்கி, சிறு பீரங்கி, ஈட்டிகள் எல்லாம் சேர்த்து வைத்துக் காத்திருந்தார்கள். யாரும் வரவில்லை.

வெளியே இருப்பவர்களைத் தடுக்கிற சுவர் உள்ளே இருப்பவர்களையும் நேரத்துக்குக் கட்டிப்போடும். நான் அந்த முற்றத்தில் நிற்கும்போது பீரங்கியைவிட இதுதான் ஞாபகம் வரும். இரவும் பகலும் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். மணி அடித்து, கதவு சாத்தியபின் வந்தால் அன்றைய கூலி போச்சு. வயலிலும் வீட்டுத் தறியிலும் தன் இஷ்டப்படி எழுந்து வேலை பார்த்தவர்களுக்கு, இன்னொருவர் அடிக்கும் மணிக்கு எழுந்து ஓடுவது முற்றிலும் புதுசு. இங்கே பிறந்ததாகச் சொல்லப்படும் தொழிற்சாலை முறையின் சாரமே அந்தக் கதவுதான் என்பது என் கட்சி. இயந்திரத்தை எங்கே வேண்டுமானாலும் செய்திருக்கலாம்.

இன்னொன்று: முதல் மில் இப்போது மூன்று மாடிதான் தெரியும். கட்டும்போது ஐந்து. மேல் இரண்டு மாடிகள் 1929 தீயில் போயின. பக்கத்தில் 1776இல் எழுந்த இரண்டாவது மில் 1890 தீயில் மொத்தமாகப் போனது. அதன் அடித்தளமும் சக்கரக் குழியும்தான் மிச்சம்.

வேலை பார்த்தவங்க எங்கே தங்கினாங்க?

சந்தைச் சதுக்கத்திலிருந்து கொஞ்சம் ஏறினால் நார்த் ஸ்ட்ரீட் வரும். இரண்டு பக்கமும் வரிசையாக மூன்று மாடிக் கல்வீடுகள், 1770களில் மில்லுக்காகவே கட்டியவை. மேல் மாடியில் மட்டும் ஜன்னல்கள் அகலமாக இருப்பதைக் கவனியுங்கள். அது தறி அறை. வெளிச்சம் வேண்டும் என்பதற்காக அப்படி. அம்மாவும் பிள்ளைகளும் மில்லில் நூற்பார்கள், அப்பா மாடியில் நெய்வார். ஒரே குடும்பத்துக்குள் இரண்டு தொழிலும் அடங்கிவிடும்.

அந்தக் காலத்துத் தொழிலாளி வீட்டுக்கு இவை தரமானவை. இன்றைக்கும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். சில வீடுகளைப் பழைய கட்டிடங்களைக் காக்கும் லேண்ட்மார்க் டிரஸ்ட் வாங்கிச் சீர்படுத்தியது. அதில் ஒன்றை விடுமுறைக்கு வாடகைக்கும் எடுக்கலாம். மற்றதெல்லாம் சொந்த வீடுகள், ஆகவே ஜன்னலில் முகம் வைத்துப் பார்க்காதீர்கள். (சொல்ல வேண்டிய அவசியம் ஏற்பட்டிருக்கிறது.)

சின்னப் பிள்ளைங்களை வேலைக்கு வச்சாங்கன்னு சொல்றாங்களே, நிஜமா?

நிஜம்தான். அதை மூடிமறைக்கவும் இல்லை. 1781 விளம்பரத்தில் பெரிய குடும்பம் உள்ள நெசவாளிகள் வேண்டும், ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு நிரந்தர வேலை உண்டு என்று வெளிப்படையாகவே போட்டார். ‘பெரிய குடும்பம்’ என்பது தகுதியாகக் கேட்கப்பட்டது. அப்பாவுக்கு வேலை கொடுப்பதே பிள்ளைகளுக்காகத்தான். அவருடைய ஆலைகளில் மூன்றில் இரண்டு பங்குத் தொழிலாளிகள் பிள்ளைகள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அறுந்த நூலை முடிவது, கதிர் மாற்றுவது, கீழே விழும் பஞ்சைப் பொறுக்குவது அவர்கள் வேலை. மகன் காலத்தில் பத்து வயது என்று உயர்த்தினார்கள்.

ஒரு வித்தியாசம் உண்டு. அநாதைப் பிள்ளைகளையும் ஏழைப் பிள்ளைகளையும் லண்டன் போன்ற ஊர்களிலிருந்து வண்டி வண்டியாகக் கொண்டுவந்து அடைத்து வேலை வாங்கிய மில்கள் அப்போது நிறைய. இதே டார்பிஷயரில் லிட்டன் மில் அப்படிக் கெட்ட பெயர் எடுத்தது. கிராம்ஃபோர்டில் குடும்பங்களைத்தான் கூட்டிவந்தார்கள். பிள்ளைகள் இரவு வீட்டுக்கு, பெற்றோரிடம் போனார்கள். அதனால் பன்னிரண்டு மணி நேரம் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

இவ்வளவு கஷ்டம்னா ஜனங்க ஏன் வந்தாங்க, ஏன் ஓடிப்போகல?

கூலி. சுரங்கமும் வயலும் கொடுப்பதைவிட மில் கூலி நிச்சயமாக வரும். அப்புறம் வீடு. அப்புறம் ஊரையே அவர் கட்டிக்கொடுத்த விதம். சதுக்கத்தில் இருக்கும் கிரேஹவுண்ட் விடுதி 1778இல் அவர் கட்டியது. வாரந்தோறும் சந்தை கூட ஏற்பாடு செய்தார். சரக்கு ஒழுங்காகக் கொண்டுவரும் ரொட்டிக்காரர், கசாப்புக்காரர் போன்றவர்களுக்கு வருஷக் கடைசியில் பரிசு உண்டு. 1790இல் இந்த வழியாகப் போன ஒரு பயணி அந்தப் பரிசுகளைப் பற்றிக் குறித்து வைத்திருக்கிறார்.

செப்டம்பரில் மெழுகுவத்தி ஏற்றும் காலம் தொடங்கும்போது ஒரு விழா. தொழிலாளிகளும் பிள்ளைகளும் வாத்தியத்தோடு ஊரைச் சுற்றி ஊர்வலம் வருவார்கள், பெரியவர்களுக்கு பீர், பிள்ளைகளுக்கு பன்னும் பழமும். வருஷத்துக்கு ஒரு வாரம் விடுமுறையும் கொடுத்தார், ஊரை விட்டு வெளியே போகக்கூடாது என்ற நிபந்தனையோடு. அந்த நிபந்தனையைப் படித்துவிட்டு மேலே சொன்ன கதவை நினைத்துக்கொண்டால் ஆர்க்ரைட்டின் தாராள மனசு எப்படிப்பட்டது என்று புரிந்துவிடும்.

ஆர்க்ரைட் கண்டுபிடிச்சவரா, அடுத்தவன் ஐடியாவைத் திருடினவரா?

நீதிமன்றமே இதை விசாரித்தது. 1785இல் நடந்த வழக்கில் லீ ஊரைச் சேர்ந்த தாமஸ் ஹைஸ், உருளை நூற்பு தன் யோசனை என்று சாட்சி சொன்னார். நாம் முன்னே பார்த்த கடிகாரக்கார ஜான் கேயும் வந்து, ஹைஸிடம் கற்றதைத்தான் ஆர்க்ரைட்டிடம் சொன்னேன் என்றார். இரண்டாவது கேள்வியில் பார்த்த பாலும் வயாட்டும் அதற்கும் முன்னாலேயே உருளையைப் பயன்படுத்தியிருந்தார்கள். தீர்ப்பு ஆர்க்ரைட்டுக்கு எதிராகப் போனது. பஞ்சைப் பக்குவப்படுத்தும் இயந்திரங்களுக்காக 1775இல் அவர் வாங்கியிருந்த காப்புரிமை ரத்தானது.

என் கருத்து: உருளை அவருடைய மூளையில் உதித்தது அல்ல. ஆனால் உருளைகளுக்குச் சரியான இடைவெளி, சரியான அழுத்தம் கொடுத்து ஓடவைத்து, பஞ்சு சுத்தம் செய்வதிலிருந்து நூல்வரை எல்லாவற்றையும் ஒரே கூரைக்குள் ஒரே சக்கரத்தில் கோத்தது அவர் வேலை. வழக்கில் தோற்ற அடுத்த ஆண்டே, 1786இல், மன்னர் அவருக்கு சர் பட்டம் கொடுத்தார். 1792இல் இறக்கும்போது ஐந்து லட்சம் பவுன் சொத்து இருந்ததாகச் சொல்வார்கள். ஹைஸ் ஏழையாகத்தான் செத்தார்.

இங்கே பருத்தி விளையாதே, பஞ்சு எங்கேருந்து வந்துது?

மேற்கிந்தியத் தீவுகள், பிரேசில், துருக்கிப் பகுதி. 1790களுக்குப் பிறகு அமெரிக்காவின் தென் மாநிலங்கள் முன்னுக்கு வந்தன. துருக்கிப் பஞ்சை விட்டுவிட்டால், மற்றவை பெரும்பாலும் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக்கொண்டு போன அடிமைகள் விளைவித்தவை. கிராமத்தில் நடக்கும்போது இது கண்ணில் படாது. பஞ்சு மூட்டை கப்பலில் வந்து வண்டியில் ஏறி வந்தது, அவ்வளவுதான். மலைச்சந்தில் ஓடும் சுத்தமான ஓடைத் தண்ணீரில் தொழில் நடந்தது என்று மட்டும் சொல்லி நிறுத்துபவர்களிடம் இதைக் கேளுங்கள்.

அப்போ நம்ம நெசவாளிங்களைக் கெடுத்த மில் இதுதானா?

கோபத்தோடு கேட்பார்கள். நியாயமான கோபம்தான், ஆனால் வரிசையைச் சரியாகப் பார்க்க வேண்டும். 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் சோழமண்டலக் கரையிலிருந்தும் வங்கத்திலிருந்தும் குஜராத்திலிருந்தும் போன அச்சடித்த பருத்தித் துணிகள் இங்கிலாந்தில் சக்கைப்போடு போட்டன. அங்கே கம்பளி, பட்டு நெய்தவர்கள் கலகம் செய்ததால், 1721இல் அச்சடித்த பருத்தித் துணி உடுத்துவதையே சட்டம் போட்டுத் தடுத்தார்கள். தடையால் கிராக்கி போகவில்லை. அந்தத் துணியை நாமே செய்தால் என்ன என்ற முயற்சிகள்தான் கடைசியில் கிராம்ஃபோர்டில் வந்து நின்றன.

ஆர்க்ரைட் முழுப் பருத்தித் துணி நெய்யவைத்தபோது அதே சட்டம் அவருக்கே தடையானது. நாடாளுமன்றத்துக்கு மனுப் போட்டு 1774இல் புதுச் சட்டம் வாங்கினார்கள். உள்நாட்டில் நெய்த பருத்தித் துணிக்குத் தடை நீங்கியது, வரி குறைந்தது. இந்தியத் துணியிலிருந்து பிரித்துக் காட்ட, துணி ஓரத்தில் மூன்று நீல நூல் ஓட வேண்டும் என்று அந்தச் சட்டத்திலேயே எழுதினார்கள்.

ஆனால் கிராம்ஃபோர்டு நூல் கெட்டி நூல், மஸ்லினோடு மோதும் மென்மை அதற்கு இல்லை. அந்த வேலையைச் செய்தது 1779இல் போல்ட்டன் சாமுவேல் கிராம்ப்டன் செய்த மியூல் இயந்திரம். அது ஆர்க்ரைட் உருளையையும் ஜென்னியையும் இணைத்த கலவை. பிறகு விசைத்தறி, நீராவி, மான்செஸ்டர், கம்பெனி ஆட்சியின் சுங்கக் கொள்கை எல்லாம் சேர்ந்தபோதுதான் 19ஆம் நூற்றாண்டில் நம் நெசவாளிகள் மேல் அடி விழுந்தது. ஆக, இந்த ஒரு கட்டிடத்தின் மேல் பழி போட முடியாது. முதல் கண்ணி என்று சொன்னால் ஒத்துக்கொள்வேன்.

அவ்வளவு பெரிய மில் ஏன் மூடிப்போச்சு? நஷ்டமா?

தண்ணீர் போய்விட்டது! சுரங்கக்காரர்கள் இன்னும் ஆழத்தில் ஈயம் எடுப்பதற்காக, பழைய வடிகாலைவிடத் தாழ்வான மட்டத்தில் மீர்புரூக் சஃப் என்ற புது வடிகாலைக் குடைந்தார்கள். மலைக்குள் இருந்த தண்ணீர் அந்தப் பக்கம் இறங்கிவிட்டது. ஆர்க்ரைட் குடும்பம் வழக்குப் போட்டது. இத்தனை வருஷமாக எங்கள் சக்கரத்தை ஓட்டிய தண்ணீர், எங்களுக்கு உரிமை உண்டு என்பது அவர்கள் வாதம். 1839இல் தீர்ப்பு எதிராக வந்தது. அது இயற்கை ஓடை அல்ல, சுரங்கத்தை வடிப்பதற்காக மனிதர் வெட்டிய வழி. சுரங்கம் இருக்கும்வரை வரும், வேறு பக்கம் திருப்பினால் திருப்பியதுதான். எத்தனை ஆண்டு அனுபவித்தாலும் அதில் உரிமை பிறக்காது என்றது நீதிமன்றம். தண்ணீர் உரிமை பற்றிய சட்டப் படிப்பில் இன்றும் இந்த வழக்கு வருகிறது.

ஓடைத் தண்ணீர் மட்டும் போதவில்லை. அதற்குள் பருத்தித் தொழில் நீராவியை நம்பி லங்காஷயர் பக்கம் போய்விட்டிருந்தது. மகன் ஆர்க்ரைட் அப்பாவைவிடப் பெரிய பணக்காரர், பணத்தை நிலத்திலும் வட்டியிலும் போட்டிருந்தவர். இங்கே நூற்பு 1840களில் ஓய்ந்தது. அப்புறம் கட்டிடங்கள் பீர் தயாரிப்பு, சலவை என்று கைமாறி, 1920களிலிருந்து 1979 வரை சாயப்பொடி தயாரிக்கும் ஆலையாக இருந்தன. ஈயம் கலந்த சாயப்பொடி சுவரிலும் தரையிலும் ஊறிக் கிடந்தது. 1979இல் ஆர்க்ரைட் சங்கம் இடத்தை வாங்கிச் சுத்தம் செய்யத் தொடங்கி, வேலை பல ஆண்டு இழுத்தது.

அந்தக் கால்வாய் மில்லுக்கு நூல் ஏத்தவா?

அப்படித்தான் எல்லாரும் நினைக்கிறார்கள். நூல் எடை குறைந்த, விலை கூடிய சரக்கு. வண்டியிலேயே போய்விடும். 1794இல் திறந்த கிராம்ஃபோர்டு கால்வாய் முக்கியமாகச் சுமந்தது சுண்ணாம்புக்கல், நிலக்கரி, இரும்பு, ஈயம். லாங்லி மில் வரை சுமார் 23 கிலோமீட்டர். வில்லியம் ஜெசப்பும் பெஞ்சமின் அவுட்ரமும் அமைத்தார்கள். 1944இல் கைவிடப்பட்டது.

இதற்கும் தண்ணீர் கொடுத்தது அதே சுரங்க வடிகால்தான். முந்தின பதிலில் சொன்னபடி அது வற்றியதும் கால்வாயும் திண்டாடியது. அதனால்தான் 1849இல் லீவுட் பம்ப் ஹவுஸ் கட்டி, டெர்வென்ட் ஆற்றுத் தண்ணீரை நீராவி இயந்திரத்தால் மேலே ஏற்றினார்கள். கால்வாய்க் கரையோரம் தென்கிழக்கே நடந்தால் அதன் உயரமான புகைபோக்கி தெரியும். சமதளப் பாதை, வயதானவர்களும் மெல்லப் போய் வரலாம்.

மேசன் மில்னு ஒண்ணு சொல்றாங்களே, அது இதுதானா வேறயா?

வேறு. பத்துப் பதினைந்து நிமிடம் மேட்லாக் பாத் பக்கம் நடக்க வேண்டும். 1783இல் ஆர்க்ரைட் கட்டியது. சாம்பல் கல்லில் ஒளிந்து நிற்கும் கிராம்ஃபோர்டு மில்லுக்கு நேர்மாறாக, செங்கல்லில், வெள்ளை அலங்காரத்தோடு சாலையைப் பார்த்து நிமிர்ந்து நிற்கிறது. பயம் தெளிந்து, பணம் வந்தபின் கட்டியது என்று பார்த்தாலே தெரியும். இது ஆற்றைத் தொட்டு நிற்கிறது, ஆற்றின் குறுக்கே வளைந்த அணையும் உண்டு. சுரங்கத் தண்ணீரை நம்பாததால் அந்த 1839 தீர்ப்பு இதைத் தொடவில்லை. 1991 வரை இங்கே நூல் ஓடியது.

ஆத்துக்கு அந்தப் பக்கம் மேட்டுல ஒரு மாளிகை தெரியுதே?

வில்லர்ஸ்லி காஸில். ஆர்க்ரைட் தனக்காகக் கட்டியது. நடுவில் இருந்த ஒரு பெரும்பாறையை அகற்ற மட்டும் 3,000 பவுன் செலவு. முடியும் தறுவாயில் 1791இல் தீப்பிடித்தது, திரும்பச் சரிசெய்வதற்குள் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். குடியேறியது மகன். பக்கத்திலிருக்கும் செயின்ட் மேரி தேவாலயமும் அப்பா தொடங்கி மகன் முடித்தது.

அங்கே போகும்போது பாலத்தையும் பாருங்கள். 15ஆம் நூற்றாண்டுப் பாலம், பின்னால் அகலப்படுத்தியதால் ஒரு பக்கம் வளைவுகள் கூராகவும் மறுபக்கம் உருண்டும் இருக்கும். கைப்பிடிச் சுவரில் 1697இல் ஒரு குதிரை தாண்டியதைப் பற்றிய கல்வெட்டு உண்டு. குதிரை ஆளோடு சுவரைத் தாண்டி ஆற்றில் விழுந்து பிழைத்தது என்று ஊரில் கதை.

இப்போ இந்தப் பக்கம் ஏதாவது மில் ஓடுதா?

கிராம்ஃபோர்டில் இல்லை. கொஞ்சம் தள்ளி லீ பிரிட்ஜ் என்ற இடத்தில் ஜான் ஸ்மெட்லி கம்பெனியின் ஆலை 1784இல் தொடங்கி அதே இடத்தில் இன்னும் பின்னலாடை செய்கிறது. அதைத் தொடங்கிய இருவரில் ஒருவர் பீட்டர் நைட்டிங்கேல். செவிலியர் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேலின் குடும்பத்துக்குச் சொத்து வந்தது அவர் வழியாகத்தான்.

நான் முப்பது வருஷம் ஸ்பின்னிங்ல இருந்தவன். கட்டடம் போதும், மெஷின் ஓடறதைப் பார்க்கணும். எங்கே போகலாம்?

கிராம்ஃபோர்டுக்கு வருவது கட்டிடத்துக்காகவும் இடத்துக்காகவும். இயந்திரம் என்றால் செஷயரில் ஸ்டைல் கிராமத்தில், பாலின் ஆற்றங்கரையில் இருக்கும் குவாரி பேங்க் மில்லுக்குப் போங்கள். 1784இல் சாமுவேல் கிரெக் தொடங்கியது, இப்போது நேஷனல் டிரஸ்ட் வசம். பெரிய தண்ணீர்ச் சக்கரமும் நூற்பு, நெசவு இயந்திரங்களும் இருக்கின்றன, ஓட்டியும் காட்டுவார்கள். எந்த நாளில் ஓட்டுகிறார்கள் என்று முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே வெளியூர்ப் பிள்ளைகளைத் தங்கவைத்த விடுதிக் கட்டிடமும் அப்படியே இருக்கிறது. பிள்ளைகள் பற்றிய கேள்வியில் சொன்ன வித்தியாசம் என்னவென்று அங்கே நேரில் பார்க்கலாம். ஆர்க்ரைட் காலத்து அசல் இயந்திரமே பார்த்தாக வேண்டும் என்றால் லங்காஷயரில் ஹெல்ம்ஷோர் அருங்காட்சியகத்தில் ஒன்று உண்டு. அது திறக்கும் மாதங்களையும் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.